ஒரு சேந்தி உப்பு

இதில் பாதி பொய். எந்தப் பாதி என்று என்னைக் கேட்க வேண்டாம். கையில் தராசு உள்ளவர்கள் நிறுத்துப் பார்த்துக்கொள்ளலாம். கடலுக்கும் கள்ளிக்காட்டுக்கும் நடுவில் உவர்த்துறை என்று ஓர் ஊர் இருந்தது. உப்பைத் தவிர வேறு எதையும் அந்த மண் விளைவிக்கவில்லை, ஒரு புல் முளைத்தால்கூட ஊர் கூடி அதை வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் மாட்டுக்குக் கொடுத்தார்கள், அதனால் அவர்கள் வயிறு நிறைய வேண்டுமென்றால் மேற்கு மலையிலிருந்து பிட்டனும் அவர் ஆட்களும் தினையும் மிளகும் தேனும் ஏற்றிக்கொண்டு இறங்கி வரவேண்டும், மலைக்காரர்களின் நாக்குக்கு ருசி வேண்டுமென்றால் உவர்த்துறையின் உப்பு வண்டிகள் மேடேறிப் போகவேண்டும். காசு என்பது அப்போது எவர் கனவிலும் வந்ததில்லை. பொருளுக்குப் பொருள் கொடுத்தார்கள், கொடுத்து முடிந்ததும் சண்டை போட்டார்கள்.

சண்டையெல்லாம் எடையைப் பற்றித்தான். கடற்கரைக்காரர்கள் ஒரு கல்லைக் கொண்டுவந்து இதுதான் எடை என்றார்கள். உப்புக்காற்றில் கிடக்கிற கல் வருஷத்துக்கு வருஷம் ஈரம் குடித்துக் கனக்கிறது என்று மலைக்காரர்கள் அதைத் தொடமாட்டோம் என்றார்கள். மலைக்காரர்கள் தங்கள் கல்லைக் கொண்டுவந்தார்கள். இறங்குகிற வழியில் அது எத்தனை தடவை உருண்டு எத்தனை சில்லு போனதோ, யார் கண்டது என்றார்கள் இவர்கள். மரக்கட்டையை வைத்தார்கள், மழையில் ஊதிப்போனது. குன்றிமணியைக் குவித்து எடை கட்டினார்கள், சிவப்பாகப் பளபளவென்று இருக்கிறதே என்று பெண்கள் அதைக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்கள். நெல்லைக் குவித்தார்கள், கோழி தின்றது. அப்படியானால் கோழியையே தராசில் வைக்கலாமே என்று ஒரு புத்திசாலி சொன்னான், வைத்தார்கள், கோழி தட்டிலேயே முட்டையிட்டதோடு அந்த வழக்கமும் நின்றது.

அந்தக் காலத்தில்தான் சேந்தி என்கிற பெண் விளையாட்டாகத் தராசில் ஏறி உட்கார்ந்தாள். துறையில் நின்ற பெரிய புன்னையின் கிளையில் தொங்கியது அந்தத் தராசு, ஒவ்வொரு தட்டிலும் ஒரு கன்றுக்குட்டி காலை நீட்டிப் படுக்கலாம். அவள் ஒரு தட்டில், ஓர் உப்பு மூட்டை மறு தட்டில். கோல் நேராக நின்றது. மறுநாள் வயிறு முட்டக் கூழ் குடித்துவிட்டு ஏறினாள், அதே மூட்டை, கோல் நேராக நின்றது. காய்ச்சலில் கிடந்து துரும்பாக இளைத்து எழுந்தாள், தள்ளாடித் தள்ளாடி வந்து ஏறினாள், கோல் நேராக நின்றது. தின்றாலும் அதே எடை, பட்டினி கிடந்தாலும் அதே எடை, கோடையிலும் அதே, அடைமழையிலும் அதே. ஊர் இதைப் பார்த்து அதிசயப்படவில்லை, அப்பாடா என்று மூச்சுவிட்டது.

பிட்டன் மட்டும் சும்மா நம்புகிற ஆள் இல்லை. அவளுக்குத் தேனும் தினைமாவும் ஒரு கூடை ஊட்டி நிறுத்தார், பட்டினி போட்டு நிறுத்தார், கடலில் முக்கி எடுத்து நிறுத்தார், ஈரத்தலை கணக்கில் சேருமா சேராதா என்று அரைப்பொழுது வாக்குவாதம் நடந்து, தலையைப் பிழிந்துவிட்டு மறுபடியும் நிறுத்தார். கடைசியில், "கல்லுக்கு வாய் கிடையாது. இந்தத் தங்கச்சிக்கு இருக்கு. எவனாவது ஏமாத்தினா சொல்லும்" என்றார். அன்றிலிருந்து கடலுக்கும் மலைக்கும் நடுவே ஒரே எடைதான்: ஒரு சேந்தி உப்புக்கு ஒரு சேந்தி தினை.

எடையாக இருப்பது சுலபமில்லை. எடைக்கல் ஊர்விட்டு ஊர் போகுமா, அதனால் சேந்தி எல்லைக் கள்ளியைத் தாண்டக் கூடாது. தராசில் ஏறும்போது வளையல் கூடாது, மணி கூடாது, பூ கூடவே கூடாது. ஒரு தடவை அவள் கொண்டையில் ஒரு தாழம்பூ மடல் ஒளிந்திருந்ததை மலைக்காரன் ஒருவன் பார்த்துவிட, ஏற்றிய வண்டியெல்லாம் இறக்கி முதலிலிருந்து நிறுக்கவேண்டியதாயிற்று. அந்தக் கோபத்தில், துறைத்தலைவர் கீரன், அவளுக்குப் பெரியப்பா முறை, கல்யாணத்தன்றுகூட அவளைப் பூ வைக்கவிடவில்லை. பூவில்லாத தலையோடுதான் மாமன் மகன் அழிசியைக் கட்டிக்கொண்டாள்.

அழிசி உப்பு வண்டி ஓட்டுகிறவன். மலைக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அவள் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மலை எப்படி இருக்கும் என்று கேட்பாள். அவனுக்கு வர்ணிக்கத் தெரியாது. "மேடு" என்பான். இன்னும் கொஞ்சம் சொல்லேன் என்பாள். யோசித்துவிட்டு, "பெரிய மேடு" என்பான். அவள் காளையின் முதுகில் மூக்கை வைத்து, அதில் ஒட்டியிருக்கிற மிளகுக்கொடி வாசத்தையும் ஈர இலை வாசத்தையும் இழுத்துக்கொண்டு, அதைவைத்துத் தானே ஒரு மலையைக் கட்டிக்கொள்வாள்.

நடுவில் ஒரு நாள் மரக்கலத்தில் வந்த அயலூர்க்காரன் ஒருவன் வட்டமாய் ஒரு வெள்ளித் துண்டை நீட்டினான், அதில் மூக்கு நீண்ட ஒருவனுடைய முகம் இருந்தது, இதை வைத்துக்கொண்டு உப்புக் கொடுங்கள் என்றான். ஊர் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தது. இவன் யார், இவன் எடை மாறாமல் இருப்பான் என்று யார் சொன்னது, ஏமாற்றினால் இவன் வாய் திறப்பானா என்று கேட்டார்கள். கீரன் அதைத் திருப்பிக் கொடுத்து, அந்த ஆளையே கூட்டிக்கொண்டு வா, தராசில் உட்காரவைத்துப் பார்க்கலாம் என்று மரியாதையாகச் சொல்லியனுப்பினார்.

ஒரே ஒரு குறைதான் இருந்தது. சேந்திக்குக் கீழே எடை கிடையாது. அரைச் சேந்தி, கால் சேந்தி என்று சொல்வதே அபசகுனம், உயிரோடு இருக்கிற பெண்ணை நறுக்குகிற பேச்சு. அதனால் ஒரு கை உப்பு வேண்டிய ஏழைகள் ஒரு தெருவாகச் சேர்ந்து ஒரு முழுச் சேந்தி உப்பை வாங்கி, கண்ணால் பார்த்துக் கூறு போட்டு, கூறு போட்டபின் ஒருவரையொருவர் வாரம் முழுக்கப் பார்க்காமல் நடந்தார்கள்.

இப்படியிருக்கையில் சேந்தி முழுகாமல் இருந்தாள்.

ஊருக்குக் கோழியின் ஞாபகம் வந்தது. வயிறு பெரிதாகப் பெரிதாகக் கீரனின் முகம் சின்னதாயிற்று. பிள்ளையின் எடை யாருக்குச் சேரும், கடலுக்கா மலைக்கா என்று இரண்டு பக்கமும் கூடிக் கூடிப் பேசினார்கள். ஆனால் நிறைமாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு அவள் தட்டில் ஏறி உட்கார்ந்தபோது, எதிரே அதே மூட்டைதான், கோல் நேராகவே நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். சேந்தி மட்டும் கைதட்டவில்லை. வயிற்றில் இருப்பதற்கு எடையே இல்லையா என்று அவள் மனம் கேட்டது.

இல்லைதான். பிறந்த குழந்தையை மருத்துவச்சி கழுவிவிட்டுத் துணி எடுக்கக் கையை விலக்கினாள், கை விலகின இடத்திலேயே குழந்தை நின்றது, பிறகு அடுப்புப்புகை மாதிரி மெதுவாகக் கூரைக்கு ஏறியது. மருத்துவச்சி பாயின் மேல் ஏறி நின்று அதன் காலைப் பிடித்து இறக்கி, தாயின் கையில் கொடுத்து, "எடைக்குள்ள வரலை சேந்தி. கொசுறா வந்திருக்கு" என்றாள்.

கொசுறு என்றால் அந்தத் துறையில் சின்ன விஷயம் இல்லை. நிறுத்து முடிந்து கோல் நேராக நின்றபிறகு, கொடுக்கிறவன் ஒரு கை அள்ளி மேலே போடுவானே, அதுதான். அதை நிறுக்கக் கூடாது, எவ்வளவு என்று வாங்குகிறவன் கேட்கக் கூடாது, கொடுத்தவன் திருப்பிக் கேட்கவே கூடாது. முன்னொரு காலத்தில் ஒருவன் திருப்பிக் கேட்டானாம், அதற்குப்பின் அவன் தாகமென்று நின்றால் எந்த வாசலிலும் செம்பு வெளியே வரவில்லையாம்.

குழந்தைக்கு இம்மி என்று பெயர் வைத்தார்கள். தென்னைநார்க் கயிற்றில் இடுப்பைக் கட்டி, கயிற்றின் மறுநுனியை அம்மிக்கல்லில் கட்டினார்கள். ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. பழகிக்கொண்டது மட்டுமா, கருவாடு காயப்போடுகிற பெண்கள் வந்து, உன் பிள்ளை சும்மாதானே மிதக்கிறது, கொஞ்சம் கொடேன், காக்காய் வராமல் இருக்கும் என்று இரவல் வாங்கிப் போனார்கள். அது கருவாட்டுக்கு மேலே கெக்கெக்கென்று சிரித்துக்கொண்டு மிதந்தது, காக்காய்கள் தூரத்திலிருந்து யோசித்தன. கட்டுமரக்காரர்கள் காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க அதைக் கேட்டார்கள். சேந்தி இல்லையென்று சொல்லமாட்டாள். ஆனால் அவள் கண் கயிற்றிலேயே இருக்கும். உப்புக்காற்றில் எந்தக் கயிறும் நெடுநாள் நிற்பதில்லை.

அது ஒரு நாள் அறுந்தது. கடற்காற்று பலமாக அடித்த பகலில், காக்காய் விரட்டிக்கொண்டிருந்த இம்மி பனையளவுக்கு ஏறிப் போய்விட்டாள், மீன்பிடிக்கிறவர்கள் மரத்துக்கு மரம் ஏறி வலை வீசினார்கள், கடைசிப் பனையின் ஓலையில் துணி சிக்கியதால் பிள்ளை கிடைத்தது. அந்தப் பனைக்கு அப்பால் மரமே இல்லை. அன்றிலிருந்து சேந்தி கயிற்றின் நுனியைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டாள், அழிசி பக்கத்தில் வந்து படுத்தால்கூட முதலில் முடிச்சைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். எவ்வளவு ஊட்டினாலும் பிள்ளை கனக்கவில்லை. பால் குடித்தது, கூழ் குடித்தது, மீன் தின்றது, இறகு மாதிரி மிதந்தது. இதைத் தரையில் நிற்கவைக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பில்லை.

ஒரு காலை மீன்காரி கூறு நிறைத்தபின் ஒரு நெத்திலியைக் கொசுறாகத் தூக்கிப் போட்டாள். அதைப் பார்த்து இம்மி எனக்கு என்று கையை நீட்டினாள். சேந்தி வெறும் கையைக் குவித்து, அதில் எதையோ அள்ளுகிறமாதிரி தன் நெஞ்சிலிருந்து அள்ளி, "இந்தா, உனக்கும் கொசுறு" என்று பிள்ளையின் உள்ளங்கையில் போட்டு மூடினாள். விளையாட்டுத்தான். ஆனால் விறைப்பாக நின்ற கயிறு ஒரு நூல் தொய்ந்தது. சேந்தி அசையாமல் நின்று அதைப் பார்த்தாள். பிறகு திரும்பி, ஈர மணலில் தான் நடந்துவந்த தடத்தையும் அதற்குப்பின் வைத்த தடத்தையும் பார்த்தாள். பின்னது கொஞ்சம் மேலோட்டமாக இருந்தது.

அதற்குப்பின் தினமும் கொடுத்தாள். குளிப்பாட்டி முடித்ததும் ஒரு கொசுறு, சோறூட்டி முடித்ததும் ஒரு கொசுறு, தலைவாரி முடித்ததும் ஒரு கொசுறு. கயிறு தொய்ந்து தொய்ந்து, ஒரு நாள் இம்மியின் பெருவிரல் தரையைத் தொட்டது. கொக்கு நடக்கிறமாதிரி அவள் உப்புப்பாத்தி வரப்பில் நடந்தாள். சேந்தி உப்புக்குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தாள்.

வண்டி ஏற்றும் நாளில் குட்டு உடைந்தது. மூட்டையைத் தூக்கிப் பார்த்த பிட்டன் முகத்தைச் சுளித்தார், மறுபடியும் நிறுக்கச் சொன்னார். கோல் என்னவோ நேராகத்தான் நின்றது, ஆனால் அவர் தோள் ஏமாறவில்லை. பழைய ஆண்டின் மூட்டை ஒன்றை எதிரே வைத்ததும் சேந்தி இருந்த தட்டு மேலே போயிற்று. மலைக்காரர்கள் தினை மூட்டைகளைத் திரும்ப வண்டியில் ஏற்றத் தொடங்கினார்கள்.

"வாய் இருக்குன்னுதானே உன்னை வச்சோம், ஏன் தங்கச்சி சொல்லலை?" என்றார் பிட்டன்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் அண்ணே. கொசுறை யாரும் கேக்கறதில்லையே" என்று நடந்ததைச் சொன்னாள் சேந்தி.

கீரன் குறுக்கே ஓடிவந்தார். மலைக்காரன் திரும்பினால் ஊர் மண்ணைத் தின்னவேண்டும். திரும்ப வாங்கு, இன்றைக்கே வாங்கு, பிள்ளையை மறுபடி அம்மியில் கட்டிக்கொள்ளலாம் என்றார்.

"வாங்கறேன் பெரியப்பா. குடுத்த கொசுறைத் திரும்ப வாங்கின ஆளு ஒருத்தரைக் காட்டுங்க, அவங்களை மாதிரியே வாங்கிக்கறேன்."

அப்படி ஓர் ஆளை யாரும் பார்த்ததில்லை, பார்க்க ஆசைப்பட்டதுமில்லை. பிட்டன் தாடியைச் சொறிந்துகொண்டு, தாயின் இடுப்புக் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்த இம்மியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தக் குட்டியையும் ஏற்றுங்கள் என்றார். ஏற்றினார்கள். பழைய மூட்டை எதிரே, தாயும் மகளும் இந்தப் பக்கம். கோல் நேராக நின்றது, ஒரு மயிரிழை பிசகவில்லை. இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதால் இனி இதை இரண்டு சேந்தி என்றுதான் வைக்கவேண்டும் என்று உப்புப் பாத்திக்காரன் ஒருவன் வாதாடினான். உன் வீட்டில் ஒரு பாயில் நாலு பேர் படுக்கிறீர்கள், பாய் நாலாகிவிட்டதா என்று பிட்டன் கேட்டதும் அவன் உட்கார்ந்துவிட்டான்.

இதில் ஊருக்கு இன்னொரு லாபம். தனியாக இம்மியை ஏற்றி நிறுத்தால் சின்ன எடை கிடைத்தது. ஓர் இம்மி உப்பு, இரண்டு இம்மி தினை என்று ஏழைகள் தனித்தனியாக வாங்க ஆரம்பித்தார்கள், தெருச்சண்டை குறைந்தது. இம்மி வருஷத்துக்கு வருஷம் கனத்தாள், அவளோடு ஓர் இம்மி உப்பும் கனத்தது, அதே ஒரு கூறு மீனுக்குப் போன வருஷத்தைவிட அதிக உப்பு என்று பெண்களுக்குக் கொண்டாட்டம். இந்தப் பெண்ணுக்கு என்னத்தை ஊட்டுகிறாய் என்று கீரன் பல்லைக் கடித்தார்.

ஆனால் ஒரு தட்டில் ஏறுவது இன்னொரு தட்டில் இறங்கியாகவேண்டும். இம்மியின் பாதம் மணலில் நன்றாகப் பதியப் பதிய, சேந்தியின் பாதம் பதிவது நின்றது. பாத்தியின் மேல் படிகிற உப்புப்பூ, கொசு உட்கார்ந்தாலே உடையும், அதன்மேல் அவள் நடந்து போனாள், உடையவில்லை. காற்றடித்தால் வேலியைப் பிடித்துக்கொண்டாள். அழிசி அவள் முந்தானையில் கூழாங்கல் முடிந்துவைத்தான். வர்ணிக்கத் தெரியாத அந்த மனிதனுக்கு ஒரு நாள் பேச்சு வந்தது.

"எல்லாத்தையும் குடுத்துட்டு நீ எதை வச்சுக்கிட்டு நிப்பே?"

"உன் கையைத்தான் பிடிச்சுக்கிட்டு நிப்பேன் மாமா. அதுக்கு எடை வேணுமா?"

அவன் கையை நீட்டினான். அன்றிலிருந்து, வண்டி ஓட்டாத நேரமெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டே திரிந்தான், ஊர் சிரித்ததைக் கண்டுகொள்ளவில்லை. அவன் மலைக்குப் போகிற நாட்களில் மட்டும் கூழாங்கல்.

இம்மிக்கும் விவரம் தெரிந்தது. போதும் ஆத்தா என்று கையை மூடிக்கொண்டாள், சண்டை போட்டாள். சேந்தி ஊட்டுகிறபோது சிரிக்கவைத்து, சிரிப்பில் கை திறக்கிற சமயம் பார்த்துப் போட்டுவிடுவாள். கல்யாணம் ஆனபின்தான் இம்மி ஒரேயடியாக நிறுத்தினாள். உன்னிடம் இருக்கிறது ஒரு பூவின் எடை, அதையாவது வைத்துக்கொள் என்று கட்டளை போட்டாள். சேந்தியும் சரி என்றாள். இனித் தராசில் ஏறவேண்டிய அவசியம் பெரிதாக இல்லாததால், அவள் வாழ்நாளில் முதல்முறையாகத் தாழம்பூ வைத்துக்கொண்டாள். கொண்டையில் பெரிதாக ஒரு தாழம்பூ. இப்போது கூழாங்கல்லுக்குப் பதில் அந்தப் பூவின் பாரம்தான் அவளைப் பூமியில் பிடித்துவைத்தது.

பிறகு இம்மி முழுகாமல் இருந்தாள். வயிறு வளர்ந்தது, தட்டு இறங்கவில்லை. ஏனென்று ஊருக்குத் தெரியும். சேந்தி மகளின் வயிற்றில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தாள். இவளும் தன் பிள்ளைக்குக் கொடுக்கவேண்டியிருக்கும், தன்னிடம் குறையில்லாமல் இருந்தால்தானே கொடுக்க முடியும் என்று நினைத்தாள். நினைத்ததை யாரிடமும் சொல்லவில்லை.

வண்டி ஏற்றும் நாள் வந்தது. பிட்டன் இப்போது தாடியெல்லாம் வெளுத்து, கண் மங்கி, பேரப்பிள்ளைகளின் தோளைப் பிடித்து இறங்கி வந்திருந்தார். இம்மி வயிற்றைத் தாங்கிக்கொண்டு தட்டில் ஏறினாள். எதிரே மூட்டை. கோல் நேராக நிற்க ஒரு பூவளவு பாக்கி. அழிசி பிடித்திருந்த கையை மெல்ல விடுவித்துக்கொண்டு சேந்தி மகளிடம் போனாள். இம்மி இரண்டு கையையும் இறுக மூடிக்கொண்டாள்.

"வேண்டாம் ஆத்தா."

"உனக்கில்லைடி. உள்ள இருக்கிறதுக்கு" என்றாள் சேந்தி. வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். கோல் நேராக நின்றது.

பிறகு தன் கொண்டையிலிருந்த தாழம்பூவை எடுத்து மகளின் கொண்டையில் செருகினாள்.

அவள் கால் தரையைவிட்டு எழுந்தது. புன்னைக்கிளை உயரத்தில் ஒரு தரம் இலையைத் தொட்டாள், பிறகு கடற்காற்று அவளை எடுத்துக்கொண்டது. பகலில் கடற்காற்று எந்தப் பக்கம் வீசும்? மேற்கேதான். எல்லைக் கள்ளியின் மேலாக, ஒரு நாளும் தாண்டாத அந்த வேலியின் மேலாக, அவிழ்ந்த கூந்தலோடு அவள் மலைப்பக்கமாகப் போனாள். அழிசி ஓடிப்போய்க் காளைகளைப் பூட்டினான், உப்பு ஏற்றக்கூட இல்லை, வெறும் வண்டியை மேலே பார்த்துக்கொண்டே விரட்டினான், பாதையில் அவனுக்கு முன்னால் ஒரு சின்ன நிழல் போய்க்கொண்டிருந்தது.

தராசு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. பூ ஏறியிருந்தது அல்லவா. கீரன் பூவை எடுக்க இம்மியின் தலைப்பக்கம் போனார். வழக்கம் வழக்கம்தானே, தராசில் பூ கூடாது. இம்மி தலையைக் குனியவில்லை, மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் பிட்டனைப் பார்த்தார்கள். அவர் மங்கிய கண்ணால் வானத்தைப் பார்த்தார், கோலைப் பார்த்தார், சாய்ந்த தட்டைப் பார்த்தார். பிறகு தன் ஆட்களைத் தினையை இறக்கச் சொல்லிவிட்டுக் கீரனின் கையைப் பிடித்து விலக்கினார்.

"பூ இருக்கட்டும் மருமகளே," என்றார். "அது கொசுறு."